பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஏசி, ஹீட்டர் கழற்றலாமா? வாசகர் கேள்வி - பதில்

போர்ஷே 911, மாஸ்டா எம்.எக்ஸ்-5, எம்.ஜி.பி. இந்த மூன்று கார்களை வைத்திருக்கும் வாசகர்களிடமிருந்து ஒரே விஷயத்தைப் பற்றிக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஏசியையோ ஹீட்டரையோ முழுவதும் கழற்றிவிடலாமா, எப்படிக் கழற்றுவது என்று கேட்கிறார்கள். பதிலுக்குப் போகுமுன் ஒன்று. ஏசியைக் கழற்றுவதும் ஹீட்டரைக் கழற்றுவதும் ஒரே மாதிரி வேலை அல்ல. ஏசி போனால் வசதி மட்டும்தான் போகும். ஹீட்டரைத் தொட்டால் எஞ்சினின் குளிர்ச்சி, முன்கண்ணாடியில் பார்வை, உள்ளே இருப்பவர் சுவாசிக்கும் காற்று என்று மூன்று விஷயங்களில் கை வைக்கிறீர்கள். கீழே ஏசிக்கு "சரி" என்றும் ஹீட்டருக்குப் பெரும்பாலும் "வேண்டாம்" என்றும் பதில் வருவது இதனால்தான்.

கேள்வி: கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். 1987 போர்ஷே 911 கரேரா 3.2 வைத்திருக்கிறேன். ஏசி பல வருடங்களாக ஓடவில்லை. எடுத்துவிட்டால் எடை குறையும், எஞ்சின் அறையில் கை போக இடம் கிடைக்கும் என்கிறார்கள். என்னென்ன பாகங்கள், எங்கெங்கே இருக்கின்றன? எந்த வரிசையில் கழற்றுவது?

இந்தக் காரில் எஞ்சின் பின்னால், டிக்கி முன்னால். அதனால் ஏசி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீண்டு கிடக்கிறது. கம்ப்ரசர் எஞ்சினின் மேல் உட்கார்ந்து, கிராங்க் புல்லியிலிருந்து தனி பெல்ட்டில் ஓடுகிறது. பின் கண்டென்சர் (ஏசி கேஸின் சூட்டை வெளியே விடும் தகட்டு வரிசை) எஞ்சின் மூடியின் கிரில்லுக்கு அடியில் இருக்கிறது. முன் கண்டென்சர், அதற்கான விசிறியோடு, முன் பம்பருக்குப் பின்னால் டிக்கித் தரைக்குக் கீழே. ட்ரையர் (கேஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குப்பி) இடது முன் சக்கர வளைவுக்குள். கூலிங் காயிலும் அதன் விசிறியும் பெட்ரோல் டாங்க்குக்கும் கேபின் சுவருக்கும் நடுவே உள்ள பள்ளத்தில். ஏசி இல்லாத 911-இல் இந்தப் பள்ளம் காலியாக இருக்கும். கடத்தல்காரன் பெட்டி என்று இந்தக் கார் பிரியர்கள் அதைச் சொல்வார்கள். இவற்றை இணைப்பது ஐந்து ஹோஸ்கள். அவற்றில் நீளமானவை இடது பக்க அடிப்பகுதி வழியாக முன்னுக்கும் பின்னுக்கும் ஓடுகின்றன.

எல்லாம் சேர்ந்து 20 கிலோவுக்கு மேல் வரும். அதில் கம்ப்ரசரும் பின் கண்டென்சரும் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிற எடை. இந்தக் காரில் அது குறைவது நல்லதுதான். ஆனால் எடையைவிடப் பெரிய லாபம் வேறு. இது காற்றால் குளிரும் எஞ்சின். அதன் விசிறி இழுக்கும் காற்று முழுக்க அந்த மூடியின் கிரில் வழியாகத்தான் வருகிறது. கண்டென்சர் அங்கே இருக்கும்வரை காற்று அதன் தகட்டு வரிசைகளைத் தாண்டி வர வேண்டும். தூசியும் இலையும் எண்ணெய்ப் பசையும் அடைத்த பழைய கண்டென்சர் என்றால் தடை இன்னும் அதிகம். அதை எடுத்தாலே எஞ்சின் தாராளமாக மூச்சு விடும்.

வரிசை இது. முதலில் ஏசி கேஸை முறைப்படி வெளியே எடுக்க வேண்டும். அதைப் பற்றி அடுத்த பதிலில் எழுதியிருக்கிறோம். பிறகு பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். கம்ப்ரசர் தாங்கியில் இறுக்கம் சரிசெய்யும் போல்ட்டுகளைத் தளர்த்தினால் பெல்ட் வந்துவிடும். அடுத்து ஹோஸ் மூட்டுகள். இங்கேதான் பலர் பாகத்தை உடைக்கிறார்கள். அலுமினிய நூலும் அலுமினிய நட்டும் முப்பது, நாற்பது வருடமாகச் சேர்ந்து இருந்தால் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரே ஸ்பேனரால் நட்டைத் திருப்பினால் நட்டு நகராது, அதற்குப் பின்னால் உள்ள பைப் முறுக்கிக்கொண்டு கண்டென்சரின் அடியோடு கிழியும். எப்போதும் இரண்டு பெரிய ஸ்பேனர்கள் வேண்டும்: ஒன்று பைப்பின் ஆறுபட்டையைப் பிடித்து நிறுத்த, மற்றொன்று நட்டைத் திருப்ப. முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். பாகத்தைத் திரும்பப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் நட்டைச் சூடாக்கவேண்டாம்.

மூட்டு திறந்த அடுத்த நிமிடமே இரண்டு முனையிலும் மூடி போடுங்கள். ரப்பர் மூடி இல்லாவிட்டால் பிளாஸ்டிக் உறை சுற்றி டேப் ஒட்டலாம். ஹோஸிலிருந்து கம்ப்ரசர் எண்ணெய் சொட்டும். பெயின்ட் மேல் படாமல் துணி பிடியுங்கள்.

கம்ப்ரசரை எடுத்த பிறகு அதன் தாங்கியையும் எடுத்துவிடலாம். தாங்கியின் தடிமனையும் சேர்த்துப் பிடித்த நீள போல்ட்டுகளை, தாங்கி இல்லாமல் அதே துளையில் திரும்ப முடுக்கக் கூடாது. துளையின் அடியில் முட்டி நூலைக் கெடுக்கும். குட்டை போல்ட்டுகள் வாங்கிப் போடுங்கள். கிராங்கில் இருக்கும் இரட்டைப் புல்லியை அப்படியே விட்டாலும் ஒன்றும் ஆகாது. ஏசி இல்லாத காரின் ஒற்றைப் புல்லி போடுவது அழகுக்கும் கொஞ்சம் எடைக்கும்தான். வேறு காரணத்துக்காக எஞ்சினை இறக்கும்போது அதைச் செய்தால் போதும்.

முன்பக்கத்தில் இடது சக்கரத்தைக் கழற்றினால் ட்ரையர் தெரியும். முன் கண்டென்சருக்கு அடியிலிருந்து வாருங்கள். கல், உப்பு, தண்ணீர் எல்லாம் பட்ட இடம் என்பதால் திருகுகள் துருவேறி இருக்கும், சில அறுந்துதான் வரும். கூலிங் காயிலை டிக்கியின் விரிப்பை எடுத்துவிட்டு மேலிருந்து தூக்க வேண்டும். அதில் நுழைந்திருக்கும் தெர்மோஸ்டாட்டின் மெல்லிய உலோக நரம்பை மடக்காமல் மெதுவாக உருவுங்கள். மடங்கினால் தெர்மோஸ்டாட் பயனற்றுப் போகும்.

இங்கே ஒரு குழப்பம் நேரும், கவனம். கேபினுக்கு முன்னால், வைப்பர் பக்கத்தில் இன்னொரு விசிறி இருக்கிறது. அது ஏசிக்குச் சேர்ந்தது அல்ல. வெளிக்காற்றை உள்ளே தள்ளி முன்கண்ணாடிக்கு அனுப்பும் விசிறி அது. ஏசி பாகம் என்று நினைத்து அதையும் பிடுங்கிவிட்டு, மழையில் கண்ணாடி மூடிக்கொள்கிறது என்று வருத்தப்படுபவர்கள் உண்டு.

கடைசி வேலை துளைகள். ஹோஸ்கள் போன வழியில் உடல்தகட்டில் இருக்கும் ஒவ்வொரு துளையையும் ரப்பர் அடைப்பானால் மூடுங்கள். 911-இல் எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகள் மேலே குளிர்ந்த காற்று, கீழே சூடான காற்று என்று பிரித்து வைக்கின்றன. ஒரு துளை திறந்திருந்தாலும் சைலன்சர் பக்கத்துச் சூட்டை விசிறி திரும்ப இழுக்கும். கண்டென்சரை எடுத்ததால் கிடைத்த லாபத்தை அந்தத் துளை தின்றுவிடும். எஞ்சின் மூடியைத் திறக்கும்போதும் முதல் தடவை கையால் பிடித்துக்கொள்ளுங்கள். கண்டென்சரின் எடை போனதால் மூடியைத் தாங்கும் கேஸ் ஸ்ட்ரட் முன்பைவிட வேகமாகத் தூக்கும்.

கலிஃபோர்னியாவில் 1976-லிருந்து வந்த பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனை உண்டு. ஏசி அந்தச் சோதனையில் பார்க்கும் பாகம் இல்லை. ஆனால் "கூடவே எக்சாஸ்டையும் மாற்றிவிடலாம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் காரின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) எடுத்தால் சோதனையில் தேறாது, சட்டப்படியும் தவறு.

வெறும் டியூனிங்குக்கு இடம் வேண்டும் என்பதுதான் தேவை என்றால் இவ்வளவும் வேண்டாம். ஹோஸைக் கழற்றாமலே கம்ப்ரசரை மட்டும் போல்ட் எடுத்துத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வால்வு இடைவெளி பார்க்கலாம்.

கேள்வி: அதே மாதிரி காருக்கு, "பத்து வருடமாக ஏசி ஓடவில்லை, கேஸ் எப்போதோ போயிருக்கும், பைப்பை லூஸ் பண்ணினால் போதும்" என்கிறார் மெக்கானிக். சரியா?

இல்லை. ஏசி ஓடாததற்கு கேஸ் தீர்ந்ததுதான் காரணம் என்று சொல்ல முடியாது. கிளட்ச் சுருள் எரிந்திருக்கலாம், ரிலே போயிருக்கலாம். கேஜ் வைத்துப் பாருங்கள். 25 டிகிரி வெப்பத்தில், எஞ்சின் ஓடாமல் நிற்கும்போது, ஆர்-12 (இந்தக் காலத்துக் கார்களின் ஏசி கேஸ்) நிறைந்த குழாயில் அழுத்தம் சுமார் 80 பி.எஸ்.ஐ. காட்டும். உள்ளே திரவம் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் இதே எண்தான், முழுதாக இருந்தாலும் இதே எண்தான். அதனால் 80 காட்டினால் "எவ்வளவு" என்று தெரியாது, "இருக்கிறது" என்று மட்டும் தெரியும்.

ஆர்-12 ஓசோன் படலத்தை அரிப்பது. 1987-இன் மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு அமெரிக்காவில் அதன் தயாரிப்பு 1995 முடிவோடு நின்றது. அங்கே 1992 ஜூலை 1 முதல் கேஸைத் தெரிந்தே காற்றில் விடுவது சட்டப்படி குற்றம். உரிமம் பெற்ற ஏசி கடையில் கேஸை இயந்திரத்தால் உறிஞ்சிச் சிலிண்டரில் பிடித்துத் தருவார்கள். இனிப் புதிதாக வராத பொருள் என்பதால் அதற்கு இன்னும் விலை உண்டு, கேட்டுப் பாருங்கள்.

காரை முன்னமே ஆர்-134ஏ என்ற மாற்று கேஸுக்கு மாற்றியிருக்கிறார்களா என்று கேஸ் வாயைப் பார்த்தால் தெரியும். திருகு நூல் உள்ள வாய் ஆர்-12. அழுத்திப் பூட்டும், நூல் இல்லாத வாய் 134ஏ. கடைக்காரரிடம் இதை முதலிலேயே சொல்லுங்கள். இரண்டும் ஒரே சிலிண்டரில் கலந்துவிட்டால் அவருக்கு மொத்தமும் வீண்.

கேஸ் இருக்கும் குழாயின் பக்கத்தில் வெல்டிங் டார்ச்சோ சுடரோ கொண்டுபோகாதீர்கள். ஆர்-12 தீயில் பட்டால் பாஸ்ஜீன் உள்ளிட்ட நச்சு வாயுக்கள் உண்டாகும். கசிவுள்ள இடத்தில் திரவம் கையில் பட்டாலும் தோல் உறைந்து புண்ணாகும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

கேள்வி: ஏசி பாகங்கள் எல்லாம் போய்விட்டன. தொங்கும் ஒயர்களை வெட்டிவிடலாமா?

வெட்டாதீர்கள். கம்ப்ரசர் கிளட்ச், இரண்டு விசிறிகள், தெர்மோஸ்டாட் ஆகியவற்றின் கனெக்டர்களைப் பிரித்து, முனையை இன்சுலேஷன் டேப்பால் சுற்றி, துணி டேப்பால் பெரிய ஒயர்க்கட்டோடு சேர்த்துக் கட்டுங்கள். எது எது என்று சீட்டு எழுதி ஒட்டுங்கள். அந்தச் சுற்றுகளின் ஃபியூஸை எடுத்துவிடுங்கள். ஆனால் எடுக்குமுன் அதே ஃபியூஸில் வேறு ஏதாவது ஓடுகிறதா என்று ஒயரிங் படத்தில் பாருங்கள். கரேரா 3.2-இல் ஏசி போடும்போது ஐட்லிங்கைத் தாங்கிப் பிடிக்க எஞ்சின் கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர் போகிறது. அதைச் சும்மா விட்டால் எஞ்சின் வழக்கம்போல் ஓடும். அது உடல்தகட்டில் உரசி எர்த் ஆகிவிடாமல் மட்டும் மூடி வையுங்கள்.

கேள்வி: இங்கிலாந்தில் 1982 போர்ஷே 911 எஸ்சி. ஹீட்டர் போட்டால் உள்ளே ஒரு நாற்றம், சூடும் சரியாக வருவதில்லை. ஹீட்டரை மொத்தமாக எடுத்துவிட்டு ரேஸ் ஹெடர் (ஹீட்டர் உறை இல்லாத எக்சாஸ்ட் பைப்) போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். சரியான முடிவா?

முதலில் அந்த நாற்றம் என்ன என்று கண்டுபிடியுங்கள். அதற்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ஓட்டவேண்டாம். உங்கள் 911-இல் ரேடியேட்டர் கிடையாது. எக்சாஸ்ட் பைப்பைச் சுற்றி ஓர் உறை போட்டு, அதற்குள் விசிறிக் காற்றை ஊதி, சூடான அந்தக் காற்றைத்தான் உங்கள் காலுக்கும் கண்ணாடிக்கும் அனுப்புகிறார்கள். உறைக்குள் இருக்கும் எக்சாஸ்ட் பைப் துருவேறி ஓட்டை விழுந்தால், அங்கிருந்து கார்பன் மோனாக்சைடு நேரே கேபினுக்குள் வரும். அதற்கு மணமே கிடையாது. எக்சாஸ்ட் வாசம் வருகிறது என்றால் கூடவே அதுவும் வருகிறது என்றுதான் பொருள். எரிந்த எண்ணெய் வாசம் என்றால் எண்ணெய்க் கசிவைத் தேடுங்கள்: வால்வு மூடியின் கேஸ்கட், எண்ணெய் திரும்பும் நான்கு குழாய்களின் ரப்பர் வளையம் இவை வழக்கமான இடங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வாங்கி, ஹீட்டர் திறந்து எஞ்சின் ஓடும்போது காலடியில் வைத்து, கதவை மூடி வெளியே நின்று பாருங்கள். உங்கள் கார் 40 வயது தாண்டியதால் எம்.ஓ.டி. என்ற வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனைக்குப் போக வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. அதனாலேயே இந்த ஓட்டையை வேறு யாரும் கண்டுபிடித்துச் சொல்லப்போவதில்லை.

இனி முழுக்க எடுப்பதைப் பற்றி. ஹெடர் போட்டால் விசிறிக் கூட்டிலிருந்து ஹீட்டருக்குப் பிரியும் வாய் அனாதையாகும். அதைத் திறந்து விட்டால், சிலிண்டர்களைக் குளிர்விக்க வேண்டிய காற்றில் ஒரு பங்கு அந்த வாய் வழியாக வீணாகப் போகும். தகடு வெட்டி இறுக்கமாக மூட வேண்டும். ஹீட்டர் ஹோஸ்கள் எஞ்சின் தகட்டைத் துளைத்துக் கீழே இறங்கும் இடங்களையும் மூட வேண்டும். அடுத்து, சூடான காற்று கேபினுக்குப் போகும் குழாய்கள் கதவுக்குக் கீழே உள்ள இரண்டு பக்கப் படிக்குள்ளும் ஓடுகின்றன. அவற்றின் பின்முனை எஞ்சினின் பக்கத்தில் திறந்து கிடக்கும். பின்முனை, கேபின் முனை இரண்டையும் அடைக்காவிட்டால் புகையும் ஈரமும் அதே வழியாக உள்ளே வரும். படிக்குள் ஈரம் சேர்ந்தால் இந்தக் காரின் உடலே அங்கிருந்துதான் அரிக்கத் தொடங்கும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. உறை உள்ள எக்சாஸ்டை வைத்துக்கொண்டு, அதற்குக் காற்று போவதை மட்டும் நிறுத்தக் கூடாது. ஹீட்டரை நீங்கள் மூடியிருக்கும்போதும் தொழிற்சாலை அமைப்பில் காற்று ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. உறையின் முன்முனையில் உள்ள மடல் பெட்டி அதை வெளியே கொட்டிவிடுகிறது. காற்று நின்றால் உறைக்குள் சூடு தேங்கி, எக்சாஸ்ட் பைப்பும் பக்கத்தில் போகும் எண்ணெய்க் குழாய்களும் அளவுக்கு மீறிச் சுடும்.

கழற்றும்போது பெரிய அபாயம் சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் எக்சாஸ்ட் ஸ்டட்கள் (தலையில்லாத போல்ட்டுகள்). ஒரு சிலிண்டருக்கு இரண்டு, மொத்தம் பன்னிரண்டு. எல்லாம் 8 மி.மீ. நாற்பது வருடத் துருவில் நட்டு ஸ்டட்டோடு ஒன்றாகியிருக்கும். பலம் போட்டால் ஸ்டட் ஹெட்டோடு சேர்ந்த இடத்தில் முறியும். அதைத் துளைத்தெடுக்கும் செலவு ஹீட்டர் சரிசெய்யும் செலவைத் தாண்டிவிடலாம். மூன்று நாள் தொடர்ந்து துரு எண்ணெய் விடுங்கள். பிறகு நட்டை மட்டும் சிவக்கும்வரை சூடாக்கி, ஆறு பக்கமும் முழுதாகப் பிடிக்கும் சாக்கெட் போட்டு, கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் திரும்ப முடுக்கி, மறுபடி தளர்த்தி என்று முன்னும் பின்னுமாக நகர்த்துங்கள். சுடர் வைக்குமுன் மேலே எண்ணெய்க் கசிவைத் துடைத்து, தீயணைப்பான் பக்கத்தில் வையுங்கள். நட்டு கிறீச்சிட்டு ரப்பர்போல் வளைந்து கொடுப்பதாகக் கைக்குத் தோன்றினால் நிறுத்திவிடுங்கள். முறியப் போகிறது என்று அர்த்தம்.

ஹீட்டர் போனால் குளிர்ந்த மழைநாளில் முன்கண்ணாடி உள்பக்கம் மூடிக்கொள்ளும். சிகரெட் லைட்டரில் சொருகும் 12 வோல்ட் குட்டி ஹீட்டர் அதற்கு மாற்று ஆகாது. 12.5 ஆம்பியர் இழுத்தாலும் 150 வாட்தான். கண்ணாடி முழுதையும் துலக்க அது போதாது. அமெரிக்காவில் கண்ணாடியைத் துலக்கும் அமைப்பு புதிய கார்களில் இருந்தே ஆக வேண்டும் என்று 103-ஆம் எண் பாதுகாப்பு விதி சொல்வது காரணமில்லாமல் இல்லை.

எங்கள் யோசனை நடுவழி. துரு பிடித்த உறைகளை எடுத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறைகள் போடுங்கள். எஞ்சின் அறையில் இடத்தை அடைக்கும் மின்விசிறியையும் அதன் குழாய்களையும் எடுத்துவிட்டு, பழைய 911-களில் இருந்ததுபோல் விசிறிக் கூட்டிலிருந்து நேராக இரண்டு உறைகளுக்கும் ஹோஸ் கொடுங்கள். இதற்கான பாகங்கள் தொகுப்பாகவே கிடைக்கின்றன. சிக்னலில் நிற்கும்போது சூடு குறையும்; ஓடும்போது தாராளமாக வரும். எடையும் குறைகிறது, கண்ணாடியும் தெளிகிறது.

கேள்வி: 1991 மாஸ்டா எம்.எக்ஸ்-5, 1.6 லிட்டர். ஹீட்டர் காயில் ஒழுகி, காலடி விரிப்பு நனைகிறது. டேஷ்போர்டு முழுதும் கழற்றினால்தான் மாற்ற முடியுமாம். இரண்டு ஹோஸையும் அடைத்துவிட்டால் என்ன? ஏசியையும் எடுக்கப் போகிறேன்.

அடைக்காதீர்கள். ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள். இந்த எஞ்சின் குடும்பம் முதலில் முன்சக்கர ஓட்டக் கார்களுக்காகக் குறுக்காக வைக்க வடிவமைத்தது. அங்கே தண்ணீர் எஞ்சினின் ஒரு முனையில் நுழைந்து ஹெட்டின் மறுமுனையில் வெளியேறும். எம்.எக்ஸ்-5-இல் நீளவாக்கில் வைத்தபோது வெளியேறும் வாயை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதனால் பின்னால் இருக்கும் நான்காவது சிலிண்டர் பக்கம் தண்ணீர் ஓட்டம் ஏற்கெனவே குறைவு. அங்கே இருக்கும் ஒரே ஓட்டம் ஹெட்டின் பின்முனையிலிருந்து ஹீட்டருக்குப் போகும் ஹோஸ்தான். அதை அடைத்தால் அந்தக் கொஞ்ச ஓட்டமும் நின்று, நான்காவது சிலிண்டர் சூடாகும். முன்னால் இருக்கும் மீட்டர் சென்சாருக்கு அது தெரியாது.

எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு ரேடியேட்டரின் கீழ் திருகைத் திறந்து கூலன்ட்டைப் பாத்திரத்தில் பிடியுங்கள். இனிப்புச் சுவைக்காக நாய், பூனை நக்கினால் செத்துப்போகும், சிந்தியதைக் கழுவிவிடுங்கள். கேபின் சுவரில் இருக்கும் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களையும் இழுக்காதீர்கள். ஒட்டிப்போன ஹோஸை இழுத்தால் உள்ளிருக்கும் பைப் முனை நசுங்கும். பிளேடால் ஹோஸை நீளவாக்கில் கீறி உரியுங்கள். பிறகு யு வடிவத்தில் வார்த்த 16 மி.மீ. ஹோஸால் எஞ்சின் பக்க முனைகளை இணையுங்கள். நேர் ஹோஸை வளைத்தால் நடுவில் மடிந்து அடைத்துக்கொள்ளும். கூலன்ட் மொத்தக் கொள்ளளவு சுமார் 6 லிட்டர். நிரப்பும்போது காரின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, மூடியைத் திறந்துவைத்து, காற்றுக் குமிழி நிற்கும்வரை ஐட்லிங்கில் விடுங்கள். இதைக் கோடைக்கான தற்காலிக வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் வருமுன் டேஷ்போர்டைக் கழற்றிப் புதுக் காயில் போட்டுவிடுங்கள்.

ஏசிக்கு வருவோம். உங்கள் காரில் பவர் ஸ்டியரிங் இருந்தால் அதன் பம்பும் ஏசி கம்ப்ரசரும் ஒரே பெல்ட்டில் ஓடும். கம்ப்ரசர் போனால் பழைய பெல்ட் நீளமாகிவிடும். மிச்சமிருக்கும் புல்லிகளைச் சுற்றி நூல் போட்டு, இறுக்கும் ஏற்பாட்டை நடுநிலையில் வைத்து அளந்து, அந்த அளவில் அதே எண்ணிக்கை வரிகள் உள்ள பெல்ட் வாங்குங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சர் போவதால் காற்று நன்றாக வரும். ஆனால் கண்டென்சர் அடைத்திருந்த ஓர இடைவெளிகளில் காற்று ரேடியேட்டரைத் தொடாமல் நழுவிப்போகும். அங்கே ஃபோம் பட்டை ஒட்டுங்கள். ஏசி விசிறியைத் தூக்கி எறியவேண்டாம். ரிலே மூலம் முதன்மை விசிறியோடு சேர்த்து ஓடவைத்தால் டிராஃபிக்கில் உதவும்.

கேள்வி: எம்.ஜி.பி, 1972. ஹீட்டர் பெட்டியைக் கழற்றுவது பெரும்பாடு என்கிறார்களே?

உண்மைதான். பெட்டி பானெட்டுக்குள், கேபின் சுவரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் சில திருகுகள்தான், அவை எளிதாக வரும். பெட்டி மட்டும் அசையாது. காரணம் கேபின் உள்பக்கம் கண்ணாடிக்குப் போகும் இரண்டு காற்றுக் குழாய்கள் அதன் அடியில் செருகியிருக்கின்றன; அவற்றை உள்ளேயிருந்து முதலில் உருவவேண்டும். மடலைத் திருப்பும் கேபிளையும் அவிழ்க்கவேண்டும். அதன்பின்னும் பழைய ஃபோம் பசைபோல் ஒட்டிப் பிடித்திருக்கும். அகலமான பட்டை உளியைச் சுற்றிலும் மெல்ல நுழைத்து விடுவியுங்கள். தண்ணீர் பைப்புகளைக் கைப்பிடியாக்கித் தூக்கினால் பற்றவைப்பு விட்டுப்போகும்.

பெட்டியில்லாமல் ஓட்டத்தான் போகிறீர்கள் என்றால், எஞ்சின் ஹெட்டின் மேல் இருக்கும் ஹீட்டர் குழாயடைப்பானை எடுத்துவிட்டு, புது கேஸ்கட்டோடு மூடுதகடு போடுங்கள். எம்.ஜி.பி-யின் ஆரம்ப ஆண்டுகளில் ஹீட்டர் தனி விலைக்குக் கொடுத்த பொருள் என்பதால் இப்படி மூடுவது இந்தக் காருக்குப் புதிதல்ல. தண்ணீர் திரும்பி வரும் முனையையும் மூட மறக்கவேண்டாம். கேபின் சுவரில் தெரியும் பெரிய துளைக்கு 1.5 மி.மீ. அலுமினியத் தகடு வெட்டி, ஓரத்தில் ரப்பர் வைத்துத் திருகுங்கள். அது திறந்திருந்தால் எஞ்சின் சூடும் பெட்ரோல் வாசமும் உள்ளே வரும். தீப்பிடித்தால் அந்தச் சுவர்தான் உங்களுக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கும் ஒரே தடுப்பு. ஆனால் காயிலை மாற்றி, புது ஃபோம் ஒட்டித் திரும்பப் போடுவதற்கு ஆகும் கூடுதல் நேரம் அரை நாள்தான். பெட்டியை வெளியே எடுத்தாகிவிட்டது. அந்த அரை நாளையும் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: கழற்றிய பாகங்களை விற்றுவிடலாமா? வைத்துக்கொள்வதாக இருந்தால் எப்படி?

வைத்துக்கொள்ளுங்கள். காரை அடுத்து வாங்குபவர் தொழிற்சாலை அமைப்பு வேண்டும் என்று கேட்டால் பெட்டியோடு கொடுக்கலாம். கம்ப்ரசரின் இரண்டு வாயையும் இறுக்கி மூடி, சில மாதங்களுக்கு ஒருமுறை கிளட்சின் முன்தகட்டைக் கையால் பத்து சுற்று சுற்றுங்கள். முன் சீல் காய்ந்து வெடிக்காமல் இருக்கும். கண்டென்சரை அட்டைக்கு நடுவே நிற்கவைத்து வையுங்கள், படுக்கவைத்து மேலே எதையும் அடுக்காதீர்கள். ட்ரையரை மட்டும் பாதுகாப்பதில் பயனில்லை. ஒருமுறை திறந்தால் உள்ளிருக்கும் ஈரம் உறிஞ்சும் குருணை காற்றின் ஈரத்தை இழுத்து முடிந்துவிடும். திரும்பப் போடும்போது ட்ரையரும் எல்லா ரப்பர் வளையங்களும் புதிதாகவே வாங்கவேண்டும்.

கேள்வி: 911-இல் ஏசி எடுத்தபின் மழையில் முன்பக்கம் தண்ணீர் இறங்குகிறது. எங்கிருந்து?

இரண்டு இடம் பாருங்கள். கூலிங் காயிலிலிருந்து கேபினுக்குக் காற்றுக் குழாய் நுழைந்த துளைகள் திறந்திருக்கலாம். ரப்பர் அடைப்பானும் சீலன்ட்டும் போதும். அவை சரியாக இருந்தால், வைப்பருக்கு முன்னால் இருக்கும் காற்று கிரில்லில் விழும் தண்ணீரை வெளியேற்றும் ரப்பர் குழாயில் இலை அடைத்திருக்கலாம், அல்லது காயிலைத் தூக்கும்போது அது கழன்றிருக்கலாம். ஒருவர் டிக்கியில் டார்ச் பிடிக்க, மற்றவர் கிரில்லில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் எந்த வழி என்று உடனே தெரியும்.